பீரோ நின்ற இடம்

போன வாரம் அத்தையின் மர பீரோவை நாலு ஆள் சேர்ந்து வெளியே எடுத்தபோது அடியில் ஒரு பள்ளம் தெரிந்தது. பீரோ அளவில், பெருவிரல் ஆழத்தில், பழைய பலகைத் தரை. வீட்டில் மற்ற இடமெல்லாம் அதன்மேல் புதுப் பலகை அடித்தாகிவிட்டது. இது மட்டும் தப்பியதற்கு அத்தையின் பிடிவாதம்தான் காரணம். அத்தை என்றால் என் மாமியார்.

கொடைக்கானலில் எங்களுடையது பழைய வீடு. தரைப்பலகைகளின் சந்து வழியாகக் குளிர் ஏறி, கட்டிலில் கிடக்கும் அத்தையின் கால்கள் மரத்துப்போகும். ஆனால் பார்வை மங்கிய அவருக்கு அந்தத் தரைதான் கண். எந்தப் பலகை எப்படி முனகும் என்பது அவருக்கு மனப்பாடம். "சன்னல்கிட்ட நின்னு என்ன சோலி பாக்குற?" என்று படுத்தபடியே கேட்பார். தரையே மாமியாருக்கு உளவு சொல்லும் வீட்டில் மருமகள் என்ன செய்ய முடியும்? எனக்கு எரிச்சலாக வரும்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர், அம்மா குளிரில் வாடக்கூடாது என்று பழைய தரைமேலேயே புதுப் பலகை அடிக்கச் சொன்னார். பேத்துப்பாறையிலிருந்து வந்த ஆசாரி, கீழேயிருந்து ஏற்றி வந்த மரம் மலை ஈரத்துக்குப் பழகட்டும் என்று சில வாரம் வீட்டுக்குள்ளேயே அடுக்கிவைத்தார். பிறகு ஆடுகிற பழைய பலகைகளைத் திருகாணி போட்டு இறுக்கிவிட்டு, மேலே புதியதை அடித்துக்கொண்டே வந்தார். பீரோவை நகர்த்தப் போனபோது அத்தை தடுத்துவிட்டார்.

"அதுல அவுக வேட்டி சட்டையெல்லாம் கெடக்கு. அசைக்காதீங்க. சுத்தி அடிச்சுட்டுப் போங்க." அவுக என்றால் காலமான என் மாமனார்.

குளிர் நின்றது. சத்தமும் நின்றது. முதல் நாள் நான் வெந்நீரோடு பக்கத்தில் போய் நின்றபோது அத்தை திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. அன்றிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்.

"ஏத்தா, இருக்கியா?"

இருக்கேன் அத்தை என்பேன். சோறு வடிக்கும்போது, துணி மடிக்கும்போது, வாசலில் பால்காரரிடம் பேசும்போதும் அதே கேள்வி, அதே பதில். வேறொன்றும் கேட்கமாட்டார். மகன் ஆசையாகச் செய்த காரியம் என்பதால் அவரிடம் குறை சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

போன மழைக்காலத்தில் அத்தை இறந்துபோனார். காரியம் முடிந்து கணவர் மஸ்கட் திரும்பினார். இப்போது வீட்டில் நான் மட்டும். என் நடை எனக்கே கேட்பதில்லை. நான் இருக்கிறேனா என்று கேட்க ஆளில்லை. அந்தக் கேள்விக்காக இப்படி ஏங்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

பெரியகுளத்து நாத்தனார் கேட்டதால் பீரோவைக் கொடுத்தனுப்பினேன். தூக்க வந்தவர்களில் அதே ஆசாரியும் இருந்தார். மிச்சப் பலகை இருக்கிறது, வெரசாக அடைத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். கால் இடறுமே என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

வண்டி கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டுப் பள்ளத்தில் இறங்கினேன். பீரோவுக்கு அடியில் இருந்த பலகைகளை யாரும் இறுக்கியிருக்கவில்லை. கால் வைத்ததும் நீளமாக முனகியது. அத்தையின் கட்டில்வரை கேட்கிற சத்தம்.

"இருக்கேன் அத்தை" என்றேன்.