அவளுக்குப் பதிலாக நான் சொன்ன ஓகே

ஏஜென்டுகளைப் பற்றி நல்ல வார்த்தை எதிர்பார்த்து இதைப் படிக்க வேண்டாம். பதினோரு வருடமாக கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஓர் இடத்தில் ஆறு மாதம், இன்னோர் இடத்தில் ஒரு வருடம். எந்த இடத்துக்கும் நேரே போய்ச் சேர முடியாது. நடுவில் ஏஜென்ட் இருப்பான். எந்தக் கம்பெனி என்று கேட்டால் சொல்ல மாட்டான். சொன்னால் நீ நேரே போய்விடுவாயாம். ரெசுமே கேட்பான், அனுப்புவோம். அடுத்த நாளே அதே ரெசுமேயைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை வருட அனுபவம் என்று கேட்பான். இன்டர்வியூ முடியும்வரை ஒரு நாளைக்கு நாலு முறை போன் செய்வான். முடிந்த பிறகு நாம் செய்தால் எடுக்க மாட்டான். கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிப்போடக்கூட இவர்களுக்குக் கை வராது.

இதையெல்லாம் வருடக்கணக்காகத் திட்டித் தீர்த்தவன் நான். இப்போதும் ஒன்றையும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் ஏஜென்டைத் திட்டினேன், தப்பு செய்தது நான்.

ஒரு பழைய கான்ட்ராக்டில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள் அவள். மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை. என்னைவிடச் சின்னவள், அண்ணே என்று கூப்பிடுவாள். கோலாலம்பூருக்கு வெளியே, கிள்ளானில் இருவர் வீடும் பக்கம் பக்கம்தான். அவளுடைய மகளுக்கு ஆறு வயது, காது கேட்காது. கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. ஒன்றரை வருடம் காத்திருந்து இடம் வாங்கினாள். வகுப்பு மத்தியானம் முடிந்துவிடும். யாராவது போய்க் கூட்டிக்கொண்டு பகல் காப்பகத்தில் விட வேண்டும். அவள் கணவர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, அவரால் முடியாது. அதனால் அவள் எங்கே வேலை செய்தாலும் அந்த வகுப்புக்குப் பக்கத்தில் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்கு அந்த வகுப்பு இல்லை.

கான்ட்ராக்ட் முடிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். அப்போதுதான் பங்சாரில் ஆபீஸ் வைத்திருந்த ஓர் ஏஜென்ட் அவளுக்கு ஒரு வங்கியில் இடம் பார்த்துக் கொடுத்தார். வகுப்பிலிருந்து நடந்தே போய்விடலாம். அவளுடைய நிலைமையை அவர் வங்கியில் முன்கூட்டியே சொல்லி, மத்தியானம் ஒரு மணி நேரம் வெளியே போக ஒப்புதலும் வாங்கியிருந்தார். முதல் இன்டர்வியூ முடிந்தது. இரண்டாவது அடுத்த வாரம். அதுவும் பேருக்குத்தான் என்று சொல்லியிருந்தார்களாம். இதை அவள் எனக்குச் சொன்னபோது குரலே மாறியிருந்தது. வங்கியின் பெயரையும் சொன்னாள்.

அதற்கிடையில் தன் ரெசுமேயைக் கொஞ்சம் அழகுபடுத்தித் தரச் சொன்னாள். இந்த வேலைக்கு இல்லை, பிற்பாடு உதவும் என்று. நான் புதிதாகவே ஒன்று தட்டி வைத்தேன். அது என் லேப்டாப்பிலும் போனிலும் இருந்தது.

ஒரு திங்கள்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்த என் ஆபீஸுக்குப் போகக் கிள்ளான் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறேன். ஒரு புது ஏஜென்ட் போன் செய்தாள். எனக்கே ஒரு இடம் இருக்கிறது, பெரிய புராஜெக்ட், இரண்டு வருடம் என்றாள். என் கான்ட்ராக்ட் முடிய ஆறு வாரம்தான் இருந்தது. புதுப்பிப்பார்களா என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. திட்டுகிற ஏஜென்டிடம் என் குரல் எப்படிக் குழையும் என்று அன்றைக்குக் கேட்டேன். கேட்க நன்றாக இல்லை.

பேச்சை முடிக்கும் முன் அவள் இன்னொன்று கேட்டாள். டெஸ்டிங்குக்கு யாராவது தெரியுமா, அவசரம், இன்றைக்கே பெயர் கொடுக்க வேண்டும். எந்தக் கம்பெனி என்றேன். சொல்ல முடியாது, கோலாலம்பூரில் ஒரு வங்கி என்றாள்.

கேஎல்லில் எத்தனையோ வங்கி. நான் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வங்கியாக இருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை. தோன்றியது, கேட்கவில்லை. கேட்டால் இவள் என் வேலையையும் மறந்துவிடுவாள் என்று பயம். நின்ற இடத்திலிருந்தே ரெசுமேயை அனுப்பினேன்.

"அவங்க ஓகே சொல்லிட்டாங்களா சார்? அவங்க சம்மதம் இல்லாம நாங்க அனுப்பக் கூடாது."

"ஓகேலா. அனுப்புங்க."

இந்த ஒரு வார்த்தை எங்கள் தொழிலில் எவ்வளவு பெரியது என்று தெரியாதவன் இல்லை நான். ஒரே ஆளின் ரெசுமே இரண்டு ஏஜென்ட் வழியாக ஒரே இடத்துக்குப் போனால், கமிஷன் யாருக்கு என்ற சண்டை வரும். அந்தச் சண்டையே வேண்டாம் என்று பல கம்பெனிகள் ஆளையே நீக்கிவிடும். கான்ட்ராக்டுக்கு வருகிற புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இது. யாரிடம் சம்மதம் கொடுத்தோம் என்று எழுதி வை என்பேன்.

அதே வாரம் வியாழக்கிழமை, பிள்ளையின் அம்மா என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு வரச் சொன்னாள். ஒரு சாப்பாட்டுக் கடையில் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது இன்டர்வியூவை வங்கி ரத்து செய்துவிட்டது. அவள் பெயர் இரண்டு பக்கமிருந்து வந்ததாம், இரண்டையும் நீக்கிவிட்டார்களாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் பங்சார் ஏஜென்டுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். அவர்தான் தன் ரெசுமேயை வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டியிருந்தாள். ஏஜென்டுகள் அப்படிச் செய்வதுண்டு. அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

"நீங்க யாருக்குக் கொடுத்தீங்க? சொல்லுங்க. எம் பிள்ளையோட வகுப்பு போச்சு, உங்களுக்குப் புரியுதா?"

தான் யாருக்கும் கொடுக்கவில்லை, விசாரிக்கிறேன் என்றார் அவர். திருடன் என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "விடாதம்மா, நல்லா கேளு, இவனுங்க எல்லாம் இப்படித்தான்" என்று பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த மனிதருக்கு என் குரலும் கேட்டிருக்கும்.

மறுநாள் மத்தியானம் அவர் எனக்குப் போன் செய்தார். பல வருடத்துக்கு முன்னால் என்னையும் ஓர் இடத்தில் சேர்த்துவிட்டவர்தான். அப்போதும் ஏதோ ஒன்றுக்காக அவரைத் திட்டியிருக்கிறேன்.

"அண்ணே, அந்த இன்னொரு ரெசுமேய பேங்க்ல இருந்து எனக்கு அனுப்பியிருக்காங்க. மேல அந்த ஏஜென்சி லோகோவ ஒட்டியிருக்காங்க, அவ்ளோதான். ஃபைல யாரு உருவாக்குனதுன்னு பாத்தேன். உங்க பேரு இருக்கு."

கம்ப்யூட்டர் வேலை செய்கிறவனுக்கு இது தெரியாமல் போகுமா என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"சொல்லல. நீங்க சொல்லுங்க. என்னைத் திட்டுனது பரவால்லண்ணே, எங்களுக்குப் பழக்கம்தான். ஆனா அவங்க உங்கள நம்புறாங்க."

வங்கியிடம் பேசிப் பார்க்க முடியாதா என்றேன். பேசிவிட்டேன், முடியவில்லை என்றார். போனை வைத்துவிட்டார்.

நான் சொல்லவில்லை. ஐந்து வாரம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இழுத்தேன். இதற்கிடையில் என்னுடைய கான்ட்ராக்டைப் புதுப்பித்துவிட்டார்கள். அந்தப் புது ஏஜென்டின் பெரிய புராஜெக்ட் எங்கே போனது என்று தெரியாது. அவள் மறுபடி போன் செய்யவேயில்லை. எதற்காகக் குழைந்தேனோ அதுவும் கிடைக்கவில்லை, தேவையும் படவில்லை.

பிள்ளையின் அம்மாவுக்கு வேலை கிடைத்தது, ஊருக்கு வெளியே தூரத்தில், சைபர்ஜெயாவில். மத்தியானம் அங்கிருந்து வர முடியாது. காலியாகும் இடத்தை வரிசையில் நின்ற வேறொரு பிள்ளைக்குக் கொடுக்க வகுப்பு நடத்துகிறவர்கள் முடிவு செய்தார்கள். மகளை வகுப்பிலிருந்து நிறுத்தும் பாரத்தில் கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை போகிறேன் என்று மெசேஜ் அனுப்பினாள். நானும் வருகிறேன் என்றேன்.

வகுப்பு வாசலில், படியேறும் முன் சொன்னேன். ஸ்டேஷன், போன், ஓகே, எல்லாவற்றையும் சொன்னேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று ஆரம்பித்து, அது பாதிப் பொய் என்றும் சொன்னேன்.

அவள் ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவர நான் திருடன்னு சொன்னப்ப, நீங்க என் பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

"ஆமாம்மா."

"எடுத்துக் கொடுத்தீங்க."

இனி தினமும் மத்தியானம் நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன், என் ஆபீஸ் இங்கேதானே, உள்ளே போய் அப்படிச் சொல் என்றேன்.

"பரவால்லயே, இதையாச்சும் என்கிட்ட கேக்குறீங்க," என்றாள். "ஐஞ்சு வாரத்துக்கு முன்னால சொல்லியிருந்தா செஞ்சிருக்கலாம்ண்ணே. எடத்தக் கொடுத்துட்டாங்க."

அது வரை என் தலையில் ஏறாத கணக்கு அது. நான் அனுப்பிய ரெசுமே வேலையைத்தான் கெடுத்தது. வகுப்பைக் கெடுத்தது நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஐந்து வாரம்.

அங்கேயே நின்று பங்சார் ஏஜென்டுக்குப் போன் போட்டாள். இந்த முறை ஸ்பீக்கரில் போடவில்லை. மன்னிச்சிடுங்க என்று இரண்டு முறை சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. பிறகு மேலே போனாள். கையெழுத்துப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மகளோடு இறங்கி வந்தாள். பிள்ளை என்னைப் பார்த்ததும் கையால் ஏதோ பேசினாள், நீளமாக, முகமெல்லாம் சிரிப்போடு. எனக்கு அந்த மொழி தெரியாது. எப்போதும் அவள் அம்மாதான் எனக்கு எடுத்துச் சொல்வாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் காரைத் திறந்து பிள்ளையை உட்கார வைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டாள். பிள்ளை கண்ணாடி வழியாக இன்னொரு தடவை அதையே சொன்னாள். நான் சும்மா தலையை ஆட்டினேன்.