எடை மேடைகளில் ஓடிய என் எழுத்துப்பிழை

லாரிகளை எடைபோட்டு ரசீது அடிக்கும் மென்பொருள் ஒன்றைப் பெரம்பலூரில் வீட்டிலிருந்தபடியே எழுதினேன். இரண்டு வருட உழைப்பு. அரியலூர்ப் பக்கம் ஒன்பது எடை மேடைக்காரர்கள் வாங்கினார்கள்.

ரெட்டிபாளையம் சாலையில் இன்னொரு எடை மேடையில் பிரிண்டர் பழுது என்று கூப்பிட்டார்கள். பிரிண்டர் பழுதும் பார்ப்பேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்; அங்கே நான் எதுவும் விற்றதில்லை. ஆனால் திரையில் ‘வண்டி எண்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வண்டி என்’ என்றிருந்தது. முதல் பதிப்பில் நான் விட்ட பிழை அது.

“இத யாரு போட்டுக் குடுத்தாங்க?”

“கம்ப்யூட்டர் வாங்கறப்பவே இருந்துச்சுக்கா. ஏன், எதுவும் தப்பா?” என்றாள் ரசீது அடிக்கும் பெண்.

அவளிடம் கோபப்பட முடியவில்லை. பிரிண்டரைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினேன்.

“போலீஸ்ல சொல்லிடுவமா?” என்றார் கணவர்.

“எவ்வளவு நஷ்டம்னு கேப்பாங்கல்ல? மொதல்ல அதக் கண்டுபிடிக்கிறேன்.”

“நீ படிக்கறப்ப வச்சிருந்த சி.டி.யெல்லாம் காசு குடுத்தா வாங்குன?”

சுருக்கென்றது. இருந்தாலும் மறுநாளே கிளம்பினேன். வரதராஜன்பேட்டை வரைக்கும் பஸ் மாறி மாறிப் போய், ஒவ்வொரு எடை மேடையாக இறங்கிப் பார்த்தேன். பதினான்கு இடங்களில் அதே பிழை.

பதினான்கை என் விலையால் பெருக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பதினான்கில் ஒரு மேடையை வைத்திருந்த முந்திரி வியாபாரி குறுக்கே வந்தார். “காசு குடுத்துதான் வாங்கணும்னா நான் நோட்டுலயே எழுதிக்கிட்டு இருந்திருப்பேம்மா.” அவரை நஷ்டத்தில் எப்படிச் சேர்ப்பது? என் ஒன்பது பேரில் ஒருவர், திருட்டுப் பிரதியில் பழகிய ஆபரேட்டர் சொல்லித்தான் என்னிடம் வந்திருக்கிறார். அது எந்தக் கணக்கு? இன்னோரிடத்தில் அரைகுறைப் பிரதி எடையைத் தப்பாகக் காட்ட, “அந்தம்மா செஞ்சது சரியில்ல” என்று லாரிக்காரர்கள் பேசியிருக்கிறார்கள். அதைக் கேட்டு என்னிடம் வராமலே போனவர்கள் எத்தனை பேர்? தெரியவே தெரியாது.

ஒரு வாரம் எழுதி எழுதி அடித்தேன். ஒரு தொகையும் நிற்கவில்லை. புகார் கொடுக்கும் எண்ணத்தை விட்டேன். விட்டுக்கொடுக்கும் எண்ணம் மட்டும் வரவில்லை. பிழைகளைத் திருத்திப் புதிய பதிப்பு எழுதினேன். பதினான்கு இடத்துக்கும் நேரில் போனேன்.

“நீங்க வச்சிருக்கிறது நான் செஞ்சதுங்க. இனிமே காசு குடுத்து வச்சுக்குங்க. பழுதுன்னா நானே வந்து பாக்குறேன்.”

ஆறு பேர் ஒத்துக்கொண்டார்கள். மூன்று பேர் வெளியே போகச் சொன்னார்கள். மீதி ஐந்து பேர் “பாக்கலாம்” என்றார்கள். மாதம் ஒருமுறை அவர்களிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.