நெஞ்சில் பல்பு எரிந்த படம்

டூரிங் கொட்டகையில் படம் ஓட்டும் ஆபரேட்டர் ஊரார் காதலுக்கெல்லாம் வெளிச்சம் போடுவான். தன் காதலை மட்டும் வாய்க்குள் வைத்துப் பூட்டிக்கொள்வான். மனசுக்குள்ளேயே வசனம் எழுதி மனசுக்குள்ளேயே கிழித்துப் போட்டவர்களே, உங்களுக்குத்தான் இது.

தட்டிக்கு அந்தப் பக்கம்

எழுபதுகளின் கடைசி. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய ஒரு கீற்றுக் கொட்டகையில் எனக்கு ஆபரேட்டர் வேலை. நடுவில் மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுத்தவள் மண்ணூர் கௌரி. தினமும் சாயங்காலம் என் அறை ஜன்னலில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை இருக்கும். வைப்பது அவள், தின்பது நான். இரண்டு வருஷமாக எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

காரணம், மேனேஜர் சபாபதி. ஆண்கள் பக்கத்து ஆள் பெண்கள் பக்கத்து ஆளோடு ஒரு வார்த்தை பேசினாலும் சீட்டுக் கிழிந்துவிடும். மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார்: "லவ்வு படத்துல இருக்கலாம்பா. கொட்டாயில இருக்கக் கூடாது."

கரண்டு

மேனேஜர்தான் போஸ்டரில் துப்பாக்கியைப் பார்த்துச் சண்டைப் படம் என்று நம்பி ஓர் இங்கிலீஷ் படத்தைப் பிடித்து வந்தார். வந்ததோ இனிமேல் வரப்போகும் காலத்துக் கதை. அந்த நாட்டில் சிரிப்பு, அழுகை, காதல் மூன்றுக்கும் தடை. எல்லார் நெஞ்சிலும் ஒரு பல்பு. ஆசை வந்தால் சிவப்பாக எரியும். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். படம் ஓடும்போதே மைக்கில் தமிழில் கதை சொல்வதும் என் வேலை. பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்டவன் நான். படக் கம்பெனி கொடுத்த ஒன்றரைப் பக்கக் கதைச்சுருக்கம்தான் துணை.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி. கதாநாயகியைப் பார்த்ததும் கதாநாயகனின் பல்பு எரிந்தது. "ஐயோ, காதல் வந்துவிட்டது!" என்று அலறினேன். எனக்கே சிலிர்த்துவிட்டது. தரை டிக்கெட்டில் இருந்த வல்லத்து விவசாயி ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்: "அவன் நெஞ்சுல எரியக் கரண்டு கீது, எங்க பம்புசெட்டுக்கு மூணு நாளா இல்ல. இன்னாய்யா நியாயம் இது?"

அழுகைக்குத் தடை

பெண்கள் பக்கம் வேறு கோபம். அவர்கள் அழுவதற்கென்றே படத்துக்கு வருகிறவர்கள். மூன்று ரீல் போயும் திரையில் ஒருத்திகூட மூக்கைச் சிந்தவில்லை. "பாவம், இவளுக்கு அம்மா இல்லை" என்று நானாகச் சேர்த்துப் பார்த்தேன். அவள் இட்லி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ரீல் மாற்ற விளக்குப் போட்டதும் ஓர் அம்மாள் கேட்ட கேள்விக்குக் கௌரி சிரித்த சிரிப்பு தட்டியைத் தாண்டி வந்தது. என் நெஞ்சில் பல்பு இருந்திருந்தால் கொட்டகையே சிவந்திருக்கும். அந்த அம்மாள் கேட்டது: "அழக்கூடாதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நான் வூட்ல இருந்தே அழுதிருப்பேனே?"

நாலுக்கு முன்னால் ஐந்து

சனிக்கிழமை மேனேஜர் என் அறைக்குள் தலையை நீட்டி, "நாளைக்கு லேடீஸ் கவுண்டருக்கு வேற ஆள். கௌரியப் பொண்ணு பாக்க வாலாஜாபாத்லேருந்து வராங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களிடம் இருந்தது ஒரே புரொஜெக்டர். ஒவ்வொரு ரீலுக்கும் நிறுத்தித்தான் மாட்ட வேண்டும். அந்த நினைப்பிலேயே நாலாவதுக்குப் பதில் ஐந்தாவதை மாட்டித் தொலைத்தேன். ஜோடி நேராக ஜெயிலுக்குப் போனது. அடுத்து நாலாவது ஓடியபோதுதான் இரண்டு பேரும் முதன்முதலாகக் கையைப் பிடித்தார்கள். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். பெஞ்சு டிக்கெட் பெரியவர் ஒருவர் மட்டும் பக்கத்து ஆளுக்கு விளக்கினார்: "மொதல்ல புடிச்சி உள்ள போட்டுட்டு, அப்பறமா பழக வுடுறான். நம்ம கல்யாணம் மாதிரிதாம்பா கீது!"

கடைசி ரீல்

திரையில், ஜெயில் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். வெகுநேரம் பேச்சே இல்லை. கதைச்சுருக்கத்தில், 'இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள்' என்று மட்டும் போட்டிருந்தது. எனக்கு என்ன வந்ததோ, அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தேன். "இன்னும் எவ்ளோ நாளு பயந்துக்கினு கெடக்கறது? எனக்கு உன்ன ரொம்பப் புடிக்கும். நான் உன்னக் கட்டிக்கிறேன். வாலாஜாபாத்காரங்கள வர வேணாம்னு சொல்லிடு" என்றேன்.

மேனேஜர் கதவை உடைத்துவிடுவார்போல் தட்டினார். அவள் சும்மா இருந்துவிட்டால் வேலையும் போச்சு, அவளும் போச்சு. அப்போது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கௌரியின் குரல் கணீரென்று வந்தது: "படத்துல அந்தாளு வாயே தொறக்கல. பேசினவரு காலைல எட்டு மணிக்குள்ள எங்க வூட்டாண்ட வந்து எங்கப்பாகிட்ட பேசட்டும்!"

அரசாங்கமே தடை போட்ட காதலுக்கு மூச்சுவிடாமல் கதை சொன்ன நான், மறுநாள் அவள் அப்பா எதிரில் "வணக்கம்" என்பதற்குமேல் வாய் திறக்காமல் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மிச்சத்தையெல்லாம் கௌரியே பேசி முடித்தாள்.