அக்கா மாடி ஏறிய காலைகள்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டும் என் ஓரகத்தி பெற்றவை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி; நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிக்கத் தெரியும். அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தேடி வரவில்லை, நானும் அதைத் தேடிப் போகவில்லை. ஆனால் எண்ணத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். சொல்லப் போவது அக்காவின் இடது கையைப் பற்றி.

அந்த மணிக்கட்டில் சின்னக் கோலம் போலப் பச்சை குத்தியிருக்கும். கல்யாணத்துக்கு முன்பே குத்திக்கொண்டதாம். இப்போது தோல் சுருங்கிப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும் அதை நான் பக்கத்தில் பார்த்ததில்லை. பார்க்க வைத்தது ஒரு மாத்திரை.

எங்களுக்கு ஜீயபுரத்தில் வாழைத் தோட்டம், குடியிருப்பு ஸ்ரீரங்கத்தில். அக்கா விடிவதற்குள் இலைக்கட்டோடு கடைவீதிக்குப் போய்விடுவார். அவர் விலை சொன்னால் தெருவின் அந்தக் கோடி வரை கேட்கும். நான் ஐந்து பிள்ளைகளையும் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மத்தியானம் இலை நறுக்கி அடுக்குவேன். இலையை ஐந்தைந்தாக எண்ணித்தான் வைப்போம். எண்ணிக்கை தவறியது என்று ஒருத்தரும் என் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அவருக்கு வியாபாரம், எனக்குப் பிள்ளைகள். அதில் எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை.

குறை வந்தது அவருடைய மூத்த மகன் கல்யாணத்தில். தாலி கட்டும் நேரம் அக்கா ஒவ்வொருவராக மணவறைக்குக் கூப்பிட்டார். தன் அண்ணியைக் கூப்பிட்டார், சித்தப்பா மகளைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்திலேயே கிடந்த என்னைக் கூப்பிடவில்லை. நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடியே அட்சதை போட்டேன். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர, சத்தம் நிற்கவில்லை. எல்லாம் ஜாடையில் நடந்தது. “சில பேரு குழாயத் திறந்து விட்டுட்டுப் போயிடறாங்க, காவேரி அவங்க அப்பன் வீட்டுச் சொத்து” என்பார் அக்கா, வீட்டுப் பூனையைப் பார்த்து. “கடைசியாத் தண்ணி புடிச்சது யாருன்னு பூனைக்குத் தெரியும்” என்பேன் நான், அதே பூனையைப் பார்த்து. அது இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கும். எங்கள் இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் காலமான பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

பிறகு அக்காவுக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இதயத்தை நிதானமாக ஓட வைக்கும் மாத்திரை ஒன்று, அதைக் காலையில் விடாமல் போட வேண்டும். ஆனால் அக்காவின் இதயமோ தானாகவே மெதுவாக ஓடுகிற இதயமாம். அதனால் தினமும் நாடி பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவின் மூத்த மகன் அரியமங்கலத்தில் பட்டறை வேலைக்குக் காலையிலேயே கிளம்புகிறவன். மருமகளுக்குத் தென்னூரில் தையல் கடை. மாத்திரை நேரத்துக்கு வீட்டில் மிச்சமிருப்பது நாங்கள் இரண்டு கிழவிகள்.

அவன் என்னிடம்தான் வந்தான். “சித்தி, நீங்கதான் பாக்கணும். விநாடி முள்ளு ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள எத்தனை துடிக்குதுன்னு எண்ணுங்க. அம்பதுக்குக் கீழ போச்சுன்னா மாத்திரை குடுக்காதீங்க, எனக்கு போன் போடுங்க.”

“உங்கம்மா கையக் குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க சித்தி. நான் சொல்லிட்டேன்.”

கொடுத்தார். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பால்காரனுக்குப் பாத்திரம் நீட்டுவது போல நீட்டினார். விரல்கள் சில்லென்று இருந்தன. பச்சைக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்துத் தேடினேன். முதலில் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு உள்ளே யாரோ மெல்லத் தட்டுவது போல ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நடுவில் இருக்கும் அந்த இடைவெளி இருக்கிறதே, அதில் நானும் மூச்சை நிறுத்திக்கொள்வேன். அடுத்தது வந்ததும் எனக்கு உயிர் வரும். அவர் சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஐந்தைந்தாக வாய்விட்டு எண்ணி முடித்து, மாத்திரையையும் தண்ணீரையும் ஸ்டூலில் வைத்துவிட்டு வருவேன்.

ஆரம்பத்தில் ஐம்பதை ஒட்டியே வந்தது. ஒருநாள் சரியாக ஐம்பதில் நின்றது. “இன்னைக்குக் கொறைஞ்சு போச்சு” என்று பூனையிடம் சொல்லிவிட்டு மாத்திரையை வைத்தேன். மறுநாளிலிருந்து நாடி அறுபதைத் தாண்டியது. மகன் சந்தோஷப்பட்டான். எனக்கும் நிம்மதிதான். ஆனால் ஆள் தேறவில்லை. கடைவீதியையே அதிர வைத்த குரல் கூடத்தைத் தாண்டவில்லை. எழுந்தால் கண்ணை இருட்டுகிறது என்று மருமகளிடம் சொல்வது கேட்டது. கால் பஞ்சு மாதிரி இருக்கிறதாம். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுந்தார். எண்ணிக்கை ஏறுகிறது, ஆள் இறங்குகிறார். இது எந்தக் கணக்கிலும் சேரவில்லையே என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் மிளகாய் காயப்போட வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாடிக்குக் கிளம்பினேன். பாதிப் படியில் அக்கா சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. முறத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். ஜாடை எல்லாம் மறந்துபோயிற்று.

“அக்கா! இங்க என்ன பண்றீங்க?”

“துணி காஞ்சுதான்னு பாக்க வந்தேன்.”

“கொடியில ஒரு துணி இல்ல. நேத்தே எடுத்தாச்சு.”

பக்கத்துப் படியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மூச்சிரைப்பு அடங்கும் வரை காத்திருந்தேன். கீழே கூடத்தில் தெரிந்த கடிகாரத்தைப் பார்த்து அவசரம் இல்லாமல் எண்ணினால், நாற்பதைத் தாண்டவே சிரமப்படுகிறது.

“தினமும் ஏறி இறங்குறீங்களா?”

“ஏறி இறங்குனா ஓடுதுடி. அப்புறம் வந்து உக்காந்துக்குவேன்.”

“எதுக்கு?”

“நீ எண்ணி, கொறைஞ்சு போச்சுன்னு உன் வாயால சொல்லி, அத நான் கேக்கணுமாக்கும்? அதுவும் பூனைகிட்ட!” என்றார். மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, “யார்கிட்டயும் சொல்லாதடி” என்றார்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு என்னை முகத்துக்கு நேராக அவர் கேட்ட முதல் விஷயம் அது. சொன்னால் அந்தக் கை இனி என் முன்னால் நீளாது என்று தெரியும். சொல்லாமல் நாளைக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். அவரைக் கீழே மெதுவாக இறக்கிப் படுக்க வைத்தேன். மாத்திரையைக் கொடுக்கவில்லை. மகனுக்கு போன் போட்டேன்.

தென்னூரில் டாக்டர் ஒரு சின்னப் பெண். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்தார். “வீட்டுல நாடி நல்லாத்தான இருந்துச்சுன்னு சொன்னீங்க?” என்று மகனைக் கேட்டார். அவன் விழித்தான். அக்கா என்னையே பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “பாட்டி, நீங்க மறைச்சா எனக்கு எப்படித் தெரியும்? மாத்திரை அளவு உங்களுக்கு அதிகம்னு உங்க நாடிதான் எனக்குச் சொல்லணும். அத ஓட விட்டுக் கூட்டிட்டு வந்தா அது பொய்தான சொல்லும்?” என்றார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். நாமாக நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. எண்ணுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். படுக்கையிலிருந்து நிதானமாக எழுந்திருக்க வேண்டும். இதற்கும் சரிப்படாவிட்டால் நெஞ்சில் சின்ன மெஷின் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது அக்கா ஆட்டோவில் மகனை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார். காவேரிப் பாலம் வந்ததும் டிரைவரைப் பார்த்து, “ஏம்ப்பா, சில பேரு வயித்துல ஒரு வார்த்தை தங்காது, தெரியுமா?” என்றார்.

“ஓரமா நிறுத்தட்டுமா பாட்டி, வாந்தி வருதா?” என்று அவன் பதறினான்.

மகன் சிரித்துவிட்டான். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை நான் கூடத்துக்குப் போகத் தயங்கிக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன். பாத்திரத்தைத் துலக்கினேன், துலக்கியதையே மறுபடி துலக்கினேன். கூடத்திலிருந்து குரல் வந்தது.

“நான் வந்து உக்காந்து எத்தனை நேரமாச்சு. எண்ண வர்றியா, இல்ல பாத்திரத்த ஓட்டை போடப் போறியா?”

போனேன். முகம் சன்னல் பக்கம் இல்லை. நாற்காலியின் கைப்பிடியில் அந்த இடது கை மல்லாந்து கிடந்தது. எண்ணினேன். ஐம்பதுக்கு ஒன்றிரண்டு கூட இருந்தது. அப்படியே சொன்னேன், பூனையிடம் இல்லை, அவரிடமே. “ம்” என்றார். பாதி மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

போகப் போக ஆள் தெளிந்தார். மெஷின் இதுவரை தேவைப்படவில்லை. இன்னும் கைகால் சில்லென்றுதான் இருக்கும். மார்கழியில் காலுறை போட்டுவிடுகிறேன். எழுந்து நின்றதும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார், அது பழகிவிட்டது. மகன் விரலில் மாட்டும் கருவி ஒன்று வாங்கி வந்திருக்கிறான், எண் தானாகவே தெரிகிறது. அக்கா அதை ஒரு கையில் மாட்டிக்கொண்டு மறு கையை என்னிடம் நீட்டுவார். “அது சொல்றது சரிதானான்னு நீ பாரு” என்பார். மணவறைக்கு ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்களுக்குப் பேச வேறு எவ்வளவோ இருக்கிறது.

பேத்தி, எழுதினது போதும். ஆரம்பத்திலேருந்து வாசி, கேக்கறேன். சத்தமாவே வாசி, உங்க பெரிய பாட்டி உள்ள முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. மாடிப்படி வர்ற இடத்துல பொய்யின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவாங்க. கத்தட்டும். நீ நிறுத்தாம வாசி.