புள்ளியில் நிற்கும் பெண்

காலை பத்து மணிக்கு அவள் மேடை நடுவில் செத்துக் கிடக்கிறாள். இடது கை நெஞ்சின் மேல். வலது கை விரிந்து கிடக்கிறது, அதில் பாதி தின்ற வாழைப்பழம். ஏணி உச்சியில் இருக்கும் லைட்மேன், "தலைய இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்மா" என்கிறார். பிணம் தலையைச் சாய்க்கிறது. அப்படியே ஒரு கடி கடித்துக்கொள்கிறது.

"மெல்லாத. தாடை அசையுது, நிழல் விழுது."

"செத்தவளுக்குப் பசிக்காதாண்ணே?"

செத்திருப்பது உண்மையில் அவள் இல்லை, நாடகத்தின் ராஜா. ராஜாவாக நடிப்பவர் பதினோரு மணிக்குமேல்தான் வருவார். அதுவரைக்கும் அவருக்குப் பதிலாகச் சாவது, எழுவது, போருக்குப் புறப்படுவது எல்லாம் இவள் பொறுப்பு.

கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. விடுமுறையில் மூன்று மாதம் நாடக அரங்கில் சம்பளத்தோடு பயிற்சி என்று அறிவிப்புப் பலகையில் பார்த்து விண்ணப்பித்தாள். கூடச் சேர்ந்த தோழிக்குத் தையல் அறை கிடைத்தது. இவளுக்கு நிற்கிற வேலை. நடிகர்கள் எங்கெங்கே நிற்பார்களோ அங்கெல்லாம் முன்கூட்டியே நின்று வெளிச்சத்தை முகத்தில் வாங்க வேண்டும். இடத்துக்கு அடையாளம் தரையில் ஒட்டிய வெள்ளை டேப் துண்டு. லைட்மேன் அதைப் 'புள்ளி' என்பார். புள்ளியியல் படிக்கிற பெண் புள்ளியில் நிற்கிறாள் என்று முதல் நாளே அவர் சிரித்ததில், அவள் பெயரே புள்ளி ஆகிவிட்டது.

அப்பா பஸ் டிரைவர். "நின்னா சம்பளமா? என் பஸ்ல நிக்கிறவங்க காசு குடுத்துல்ல நிக்கிறாங்க" என்றார். அம்மாவுக்கு வேறு கவலை. "உக்காந்து பாக்குற வேலை எதுவும் இல்லையாமா?"

"இருக்கும்மா. மூணாவது காட்சில சிம்மாசனத்துல உக்காருறேன்."

ராஜா இவளைவிட அரைச் சாண் உயரம். முதல் வாரம் ராஜாவின் தாடிக்கு மட்டும் பிரமாதமாக வெளிச்சம் விழுந்தது. அரங்கத் தச்சர் ஒரு பழைய செருப்புக்கு அடியில் பலகை வைத்து ஆணி அடித்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு டக் டக்கென்று அவள் நாட்டை ஆள்கிறாள். வசனம் ஒன்றும் கிடையாது. ராஜாவின் முப்பத்தொரு புள்ளிகளும் அத்துப்படி.

வேலை வீட்டுக்கும் வந்துவிட்டது. ஜன்னலோரம் காய் நறுக்கும் அம்மாவிடம், "அரை அடி முன்னால வாம்மா, மூஞ்சி இருட்டா இருக்கு" என்கிறாள். அம்மா நகர்ந்து உட்கார்ந்தும்விடுகிறாள்.

முழு வேஷத்தோடு நடந்த ஒத்திகை அன்றுதான் வினை வந்தது. ராஜா நடிகர் டிவி தொடர்களில் முகம் தெரிந்தவர், உண்மையிலேயே பெரிய புள்ளி. கடைசிக்கு முந்தைய காட்சியில் கம்பீரமாக நடந்து வந்து, நின்று, நாட்டு மக்களிடம் மனம் திறந்து பேசினார். அவர் முகம் இருட்டில் இருந்தது. ஒன்றரை அடி தள்ளி, வெறும் தரை ஜொலித்தது.

பேச்சு நின்றது. "லைட் போட்டது யாரு?"

பத்தொன்பது வருஷம் விளக்குப் போட்ட மனிதர் ஏணியை எடுக்கப் போனார். அப்போது பக்கத் திரைக்குள்ளிருந்து ஒரு குரல். "சார், லைட் சரியாதான் இருக்கு. நீங்கதான் அங்க இல்ல."

தையல்காரம்மாவின் ஊசி பாதித் துணியில் நின்றது.

"யாரு இந்தப் பொண்ணு?"

"பயிற்சிக்கு வந்திருக்கு சார்" என்றார் இயக்குநர் அம்மா.

"என்ன வேலை?"

"நிக்கிறது."

"நாளையிலேருந்து இது இங்க நிக்கக் கூடாது."

இயக்குநர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்குப் பாத்துக்கலாம் சார். இப்ப ஒரு தடவ நின்னு காட்டட்டும்."

புள்ளி பலகைச் செருப்பை மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். டக் டக்கென்று பன்னிரண்டு அடி. நின்றாள். வெளிச்சம் முழுசாக அவள் முகத்தில் இருந்தது.

"ராஜா தரையப் பாத்து டேப்பைத் தேடிக்கிட்டா வருவான்?" என்றார் நடிகர்.

"பாக்க வேணாம் சார். நானும் பாக்கல. நெத்தியில சூடு படும். பட்டதும் நின்னுடலாம்."

அவர் மகுடத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் வராதே என்றும் யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அப்பாவின் முதல் டிரிப்பிலேயே வந்துவிட்டாள். மேடையில் ஏற்கெனவே ஓர் ஆள். பனியன், லுங்கி, தலையில் மகுடம்.

"நெத்திய மகுடம் மறைக்குது" என்றார் ராஜா, புகார் சொல்லும் குரலில். "சூடு தெரியல."

புள்ளி யோசித்தாள். "அப்ப மூக்குல பாருங்க சார்."

அவள் புள்ளியில் நின்றுகொண்டாள். ராஜா கண்ணை மூடி, மூக்கை நீட்டியபடி வந்தார். இடிக்கிற நேரத்தில் அவள் ஓரடி விலகிக்கொண்டாள். முதல் தடவை அவர் சிம்மாசனத்தில் மோதினார். நாலாவது தடவை லைட்மேன் ஏணியில் உட்கார்ந்தபடி இருமலாகச் சிரித்தார். பதினோராவது தடவை மூக்கு சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது. ராஜா கண்ணைத் திறக்காமலே, "ம்" என்றார். அவர் அவளிடம் பேசிய சமாதானம் அவ்வளவுதான்.

நாடகத்தின் அரங்கேற்றம் ஒரு சனிக்கிழமை மதியம். அரங்கு நிறைந்திருந்தது. புள்ளி பக்கத் திரைக்குள், இருட்டில், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். கடைசிக்கு முந்தைய காட்சி. ராஜா தலை நிமிர்ந்து நடந்து வந்தார். அவள் உதடு எண்ணியது. பத்து, பதினொன்று.

பன்னிரண்டாவது அடியில் அவர் முகம் வெளிச்சத்தை முழுசாக வாங்கிக்கொண்டது. இங்கே இருட்டில், பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில், புள்ளி சட்டென்று ஓரடி விலகி வழிவிட்டாள்.