உப்புச் சிரட்டையால் அளந்த பவுடர்

பிலிப்புவுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்கமாட்டார். மாவைப் போட்டு அறைவார். கல்குடாவில் சீனித்தம்பி முதலாளியின் பேக்கரியில் இருபத்தெட்டு வருடமாக மாக் குழைப்பதும் அவர்தான், போறணை அடுப்பில் பாண் வேகவைப்பதும் அவர்தான். அந்தோனியார் திருநாளுக்குக் கோயிலில் மந்திரித்துச் சனத்துக்குக் கொடுக்கும் சின்னப் பாண், அந்த முந்நூறு பணிஸும் அவர் கைப்பட்டதுதான்.

இந்த வருடம் ஒரே புழுக்கம். பாண் மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடித்துக் கடைகளிலிருந்து திரும்பி வந்தது. பூஞ்சணத்தைத் தடுக்கிற பவுடர் ஒரு பை வாங்கிவந்தார் முதலாளி. அதில் பிழையில்லை, ஊர் உலகத்தில் போடுகிறதுதான். ஆனால் அளவு எழுதிய தாளை யார் பார்த்தார்கள்? திருநாளுக்கு முதல் நாள் விடிய, பிலிப்பு வருமுன்னே, முதலாளியே பவுடரை அள்ளி மாவில் கலந்துவிட்டார்.

மா பொங்கவேயில்லை. நாலு மணித்தியாலம் காத்திருந்தும் களிமண் போலக் கிடந்தது. வெந்த பணிஸ் கல்லு. போதாததற்குப் புளித்த நாற்றம்.

"பிலிப்புக்குக் கை செத்துப்போச்சு! இனி இவன வெச்சு என்ன செய்யிற?" பாண் வாங்க வந்த சனத்துக்கு முன்னால் முதலாளி கத்தினார்.

இருபத்தெட்டு வருடம்! பிலிப்புவுக்குக் காது இரண்டும் எரிந்தது. உள்ளே போனார். உப்பு அளக்கிற சிரட்டையில் அந்தப் பவுடர் அப்பிக் கிடந்தது. பைக்குள் தாளும் மடிப்புக் கலையாமல் இருந்தது. உப்புப் போடுகிற அளவில் ஆறில் ஒரு பங்குகூடப் போடக்கூடாதாம். அடப் பாவி மனுசா! கூடிப்போனால் ஈஸ்ட் எப்படி வேலை செய்யும்? பவுடர் இல்லாமல் ஒரு கிண்ணம் மாக் குழைத்து வைத்தார். ஒரு மணித்தியாலத்தில் கிண்ணம் வழிந்தது.

கிண்ணத்தையும் சிரட்டையையும் ஒரு பணிஸையும் கொண்டுபோய்க் கடை மேசையில் அடித்து வைத்தார்.

"கடியுங்க முதலாளி. இத விழுங்கினீங்கண்டா நான் இப்பவே வீட்ட போறன்."

முதலாளி கடித்தார். முகம் கோணித் துப்பினார். சிரட்டையைப் பார்த்துவிட்டு மெல்ல முணுமுணுத்தார்: "சரி விடு பிலிப்பு. பவுடர் என்ட கையால கூடிப்போச்சு."

"காலையில கத்தினீங்களே, அந்தச் சத்தத்தில சொல்லுங்க."

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பிலிப்பு முந்நூறு பணிஸுக்கும் மறுபடி மாக் குழைக்கக் கையைக் கழுவினார்.