முன் சீட்டுக்குப் பின்னால் இருந்த தட்டு

1. வார்த்தை கொடுத்த பிறகு

நௌபர் அந்த வேனை என் கராஜுக்குக் கொண்டு வந்தபோது, அதை வாங்குவதாக வார்த்தை கொடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளி வாசலில், பத்துப் பேருக்கு முன்னால், புரோக்கர் ரிஸ்வானின் கையைப் பிடித்து "சரி" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகுதான் தகர வேலை செய்கிற என்னிடம், டிங்கர் பாஸிடம், ஒருக்கா காட்டுவோம் என்று ரிஸ்வானையும் கூட்டிக்கொண்டு முந்தலுக்கு வந்தான். ஆள் செத்து, மையத்தை அடக்கிவிட்டு மருந்து தேடுகிற வேலை. எனக்கு அங்கேயே கோபம் வந்துவிட்டது.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. லீசிங் கடனில் வேன் எடுக்காத வீடு குறைவு. நாங்கள் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். புத்தளத்தில் எத்தனை வருடம் இருந்தாலும் பழைய ஊரைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் நம்புவோம். விற்கிறவன் நம்முடைய ஊர் ஆள் என்றால் "இது அடிபட்ட வண்டியா?" என்று கேட்க மாட்டோம். கேட்டால் "நீ கள்ளனா?" என்று கேட்ட மாதிரி. ரிஸ்வான் எங்கள் ஊர். நௌபரும் எங்கள் ஊர். நானும்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே மூன்று பேரும் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

நௌபர் நுரைச்சோலையில் அனல் மின்நிலையத்துக்கு ஆள் ஏற்றிய கொன்ட்ராக்ட் சாரதி. அந்த வேலை முடிந்துவிட்டது. பள்ளிவாசல்துறையிலிருந்து பதினான்கு பிள்ளைகளைப் புத்தளத்துப் பாடசாலைகளுக்கு ஏற்றிப் போவதாகப் பெற்றோரிடம் பேசியிருந்தான். திங்கட்கிழமை முதல் ஓட்டம். பதினான்கில் ஒன்று அவனுடைய மகள்.

2. காந்தமும் ஸ்குரூ டிரைவரும்

வேன் பளபளவென்று இருந்தது. முத்து வெள்ளை, புது சீட் கவர், உள்ளே மணக்கிற வாசனைப் போத்தல். வாசனைப் போத்தல் தொங்கினால் நான் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

"கொழும்புல ஒரு நோனா வச்சிருந்த வண்டி நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் ரிஸ்வான். "சந்தைக்குப் போய் வந்தது மட்டும்தான்."

"எல்லா வண்டியும் நோனாமார்தான் ஓட்டியிருக்காங்க. கொழும்புல ஆம்புளையளெல்லாம் நடந்தா போறானுகள்?"

நௌபர் சிரித்தான். ரிஸ்வான் சிரிக்கவில்லை.

காந்தத்தைத் துணியில் சுற்றி வேனின் வெளித் தகரத்தில் வைத்து இழுத்தேன். முன் கதவில் நன்றாகப் பிடித்தது. கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் வழுக்கிக்கொண்டு விழுந்தது. அங்கே தகரத்துக்கு மேல் தடிப்பாகப் பட்டிப் பசை பூசியிருக்கிறது என்று அர்த்தம். கதவு ரப்பரைக் கழற்றினேன். கம்பனியில் வெல்டிங் செய்த ஒட்டு சின்னச் சின்னப் பொட்டுகளாக, ஒரே இடைவெளியில் வரும். இங்கே பொட்டு இல்லை, கிரைண்டர் ஓடிய தடம் இருந்தது. கண்ணாடிகளின் மூலையில் வருடம் குறித்திருக்கும். முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் வேறு வேறு வருடம். கண்ணாடியை மாற்றியும் இருக்கலாம். அதனால் கீழே விரிப்பைத் தூக்கினேன்.

"அதை உரிச்சா ஆரு ஒட்டித் தாறது?" என்று ரிஸ்வான் குறுக்கே வந்தான்.

"நான் ஒட்டித் தாறன். தள்ளி நில்லு."

விரிப்புக்கு அடியிலும் புதுப் பூச்சு. வேனை ஜாக்கில் ஏற்றிக் கீழே படுத்தேன். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் முழுக்கக் கறுப்புத் தார்ப் பூச்சு. முன் சீட்டுக்கு நேர் பின்னால் ஸ்குரூ டிரைவரால் சுரண்டினேன். மேலே வைத்து ஒட்டிய ஒரு இரும்புத் தட்டு வெளிப்பட்டது. நீட்டுத் தட்டு, நாலு மூலையும் சரித்து வெட்டியது.

நாலு மூலையையும் விரலால் தடவிப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் எந்த டிங்கரும் தட்டைச் சதுரமாகத்தான் வெட்டுவான். மூலையில் வெடிப்பு விழும் என்று சரித்து வெட்டுகிறவன் நான் ஒருவன்தான்.

3. கீழே படுத்திருந்தபோது

சில வருடங்களுக்கு முன்னால் ஒருவன் லொறியில் அடிபட்ட இரண்டு வேன்களைக் கொண்டு வந்து இறக்கினான். ஒன்று முன்னால் நசுங்கியது, மற்றது பின்னால் நசுங்கியது. இரண்டிலும் நல்ல பாதியை வைத்து ஒன்றாக்கித் தரச் சொன்னான்.

"றோட்டுக்கு வராது பாஸ். இறால் பண்ணைக்குள்ள தீன் ஏத்தத்தான்."

நம்பினேன் என்று எழுதினால் பொய். அந்த மாதம் கராஜில் வேலை இல்லை, அதனால் நம்ப விரும்பினேன். எந்தப் பாதியின் பதிவுப் புத்தகம் இதற்குப் போகும் என்றுகூடக் கேட்கவில்லை. நன்றாகவே ஒட்டினேன். என்ன ஒட்டினாலும் அது வெட்டிய சேசிஸ்தான்.

வேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு இதையெல்லாம் நினைத்தேன். பக்கத்தில் நௌபரின் செருப்பு தெரிந்தது. அவன் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தான்.

4. தட்டா, ஒட்டா

வெளியே வந்து சொன்னேன்: "தம்பி, இது ஒரு வேன் இல்ல. ரெண்டு வேன். வெட்டி ஒட்டினது."

ரிஸ்வான் வாய் விட்டுச் சிரித்தான். "துருவுக்குத் தட்டு அடிச்சிரிக்கு. இந்த உப்புக் காத்துல துருப்புடிக்காத வண்டி இரிக்கா? லீசிங்காரன் வந்து பாத்து விலை மதிச்சி வலுவேஷன் குடுத்திட்டான். அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

நானா என்று கூப்பிட்டவன் அதற்குள் உனக்கு என்று வந்துவிட்டான்.

நௌபர் என்னைப் பார்த்தான். "நானா, தட்டா, ஒட்டா? வடிவாச் சொல்லுங்க. பள்ளியில வச்சி வார்த்தை குடுத்தவன் நான். நாளைக்கு ஆக்கள்ர மொகத்தைப் பாக்கோணும்."

தட்டு என்று நான் சொல்ல வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை. முகத்தில் எழுதியிருந்தது. சொன்னால் எல்லோருக்கும் சுகம். ஒட்டு என்று நிரூபிக்க என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"ஒட்டுதான். நான்தான் ஒட்டினன்."

நௌபர் குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தான். சிலாபம் பக்கமிருந்து வந்த பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது.

ரிஸ்வானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேட்டியா மச்சான்? ஒட்டினவனே இவன்! இப்ப வந்து நல்லவன் வேசம் போடுறான்!"

"ஓம், நான் கள்ளன்தான். கள்ளன் சொல்றன் கேளு தம்பி. பின்னால ஒரு லொறி தட்டினாப் போதும், ஒட்டு விட்டிரும். நீ ஒரு பக்கம், பிள்ளையள் ஒரு பக்கம். இதுல ஏத்தாத."

நௌபர் வேனின் திறப்புச் சாவியை எடுத்து பொனட்டில் வைத்தான். "நான் வார்த்தை மாறுறன் மச்சான். பள்ளியில கேட்டா நானே சொல்றன்."

"வேனை இங்க விட்டுட்டுப் போ, நானே வெட்டிப் போடுறன்," என்று ரிஸ்வானிடம் சொன்னேன். அவன் காறித் துப்பிவிட்டு ஏறிச் சிலாபம் பக்கம் ஓட்டிக்கொண்டு போனான். அந்த வேனின் இலக்கத்தைப் பொலிஸில் கொடுத்தேன். முறைப்பாட்டை எழுதிய பொலிஸ்காரர் என்னைத்தான் அதிகம் விசாரித்தார்.

5. நௌபர் கேட்டது

இளம் ஆட்களுக்குச் சொல்கிறேன். வார்த்தை கொடுக்கும் முன்னால் வாகனத்தைப் பாருங்கள். ஊரைக் கேட்காதீர்கள், சேசிஸைச் சுரண்டிப் பாருங்கள். சுரண்ட விடாதவனிடம் வாங்காதீர்கள், அவன் உங்கள் சொந்த மச்சானாக இருந்தாலும் சரி. இது வாங்குகிறவனுக்கு. டிங்கர் வேலை செய்கிறவனுக்கு வேறு பாடம் இருக்கிறது. "பண்ணைக்குள்ள மட்டும்" என்று ஒரு வாகனமும் இல்லை. உருளச் சில்லு இருந்தால் அது றோட்டுக்கு வரும்.

நௌபர் எனக்கு நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கியவன் கராஜ் வாசலில் நின்று திரும்பினான்.

"இதுபோல இன்னும் எத்தின ஒட்டினீங்க?"

"இதோட நாலு."

"மத்த மூணும் எங்க ஓடுது?"

"தெரியாது," என்றேன்.

அவன் பஸ்ஸுக்குப் போனான். அதற்குப் பிறகு நான் ஒன்றும் ஒட்டவில்லை. புத்தளம் போனால் பாடசாலை விடுகிற நேரத்தில் வாசலில் நிற்கிறேன். சாரதிகள் திட்டுவார்கள். திட்டட்டும். நிற்கிற ஒவ்வொரு வேனுக்கும் கீழே குனிந்து பார்க்கிறேன். அந்த மூன்றில் இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.